வலம் வந்த பிளெண்டர்

பொடி கலக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. சோப்புத் தூள், சத்துமாவு, கோலப்பொடி என்று எதை எதையோ கலக்குகிற இயந்திரங்களின் வயிற்றுக்குள் தலையை விட்டிருக்கிறேன். இருபது வருடத்தில் நான் கண்டது, இயந்திரத்துக்கு வரும் கோளாறுகள் மொத்தம் பத்துக்குள் அடங்கிவிடும். சொந்தக்காரர்கள் அதைச் சொல்லும் விதம்தான் ஆயிரம். "சார், கொர்ருனு இருந்தது, இப்போ க்ரீச்சுனு ஆயிடுச்சு" என்பார் ஒருவர். இன்னொருவர் ஒன்றுமே பேசாமல் போனை இயந்திரத்தின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். அசோக் நகரில் என் வீட்டில் இட்லி தின்றுகொண்டே, ஸ்பீக்கரில் வந்த சத்தத்தை வைத்து, பேரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்ன நாட்கள் உண்டு. என் மனைவிக்கு இந்தத் திறமையின் மேல் மரியாதை ஏதும் கிடையாது. "நம்ம வீட்டு மிக்ஸி மூணு மாசமா அதே சத்தம்தான் போடுது, அது உங்க காதுல விழலையா?" என்று கேட்டுவிட்டு இன்னும் இரண்டு இட்லி வைப்பாள்.

எங்கே போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். கடைசியாக என்ன மாற்றினீர்கள்? நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்று ஓடவில்லையென்றால் இடையில் யாரோ எதையோ தொட்டிருக்க வேண்டும். எல்லோரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "ஒண்ணுமே மாத்தலை சார்." அது பொய் என்று எடுத்துக்கொண்டுதான் நான் வேலையை ஆரம்பிப்பேன். கொஞ்சம் தோண்டினால், மோட்டாரை மாற்றியது, பெல்ட்டை மாற்றியது, மச்சான் வந்து ஒரு நட்டைக் கழற்றியது எல்லாம் வெளியே வரும். ராஜா அண்ணாமலைபுரத்து மாமி விஷயத்தில்தான் ஏமாந்தேன். அவர் சொன்னது பொய்யே இல்லை.

மாமிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு பருப்புப் பொடி வியாபாரத்தை ஆரம்பித்தார். சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுகிற பொடி. துவரம்பருப்பு, மிளகு, மிளகாய் வற்றல், காயம், உப்பு, அவ்வளவுதான். மயிலாப்பூரில் இரண்டு மெஸ், தி. நகரில் சில கடைகள், மார்கழி மாதத்தில் ஒரு சபா கேண்டீன் என்று அது வளர்ந்துவிட்டது. கையால் கிளறிக் கட்டுப்படியாகவில்லை என்று வந்தபோது நான்தான் ஒரு சின்ன ரிப்பன் பிளெண்டரைக் கொண்டுவந்து அவர் வீட்டுக் கார் ஷெட்டில் நிறுத்தினேன். அதனால் கார் வெயிலுக்குப் போயிற்று. மாமா பேங்கில் பெரிய பதவியில் இருந்தவர். கார் தெருவுக்குப் போனது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எடுபடாது என்பதை முப்பத்தைந்து வருடத்தில் கண்டுபிடித்திருந்தார்.

இந்த ரிப்பன் ஜடையில் கட்டுவது அல்ல, எஃகுப் பட்டை. நீளவாக்கில் ஒரு தொட்டி, அதன் நடுவில் ஒரு தண்டு. தண்டைச் சுற்றிப் பெரிய சுருளாக ஒரு பட்டை, அதற்குள்ளே சின்னச் சுருளாக இன்னொன்று. வெளிப்பட்டை பொடியை இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்குத் தள்ளும். உள்பட்டை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளும். இப்படி இழுத்தும் தள்ளியும் பத்து நிமிடத்தில் கலந்துவிடும். அடியில் நடுவிலே இருக்கிற கதவைத் திறந்தால் பொடி டிரம்மில் கொட்டும். தொட்டியின் மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாது, கை போய்விடக் கூடாதே என்று அப்படி ஓர் ஏற்பாடு. அதனால் ஓடும்போது உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

இயந்திரத்தை ஓட்டியவர் பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்து வரும் ஒரு பெண். புருஷன் கடலுக்குப் போகிறவர், மாமியார் மீன் விற்பவர். மாமி அவரைச் சமையலறைக்குள் விட்டதில்லை என்று முதலில் எனக்கு ஒரு எண்ணம். அது தப்பு. மாமி இல்லாதபோது அந்த வீட்டு டிகாக்‌ஷனை இறக்குவதே அவர்தான். என்னை 'சார்' என்றும் 'நீ' என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்வார். "சார், நீ கொஞ்சம் நவுரு" என்று அவர் சொன்னால் நவுர்ந்துதான் ஆகவேண்டும்.

தீபாவளி முடிந்த வாரத்தில் மாமி கூப்பிட்டார். ஒரு மெஸ்ஸில் பொடி உப்புக் கரிக்கிறது என்கிறார்கள், தி. நகர் கடையில் உப்பே இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள், இரண்டும் ஒரே நாள் போட்ட பொடி. நான் போய் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ஒண்ணும் மாத்தலையே" என்றார் மாமி. "அதே பருப்பு, அதே அளவு, அதே ஆள்."

நானும் தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவில் இடைவெளி சரியாக இருந்தது. பட்டையில் பொடி அப்பிக்கொள்ளவில்லை. நிமிடக் கணக்கு சரி. எங்கே பார்த்தாலும் சந்தனமும் குங்குமமும்தான் இருந்தன. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இன்னும் அழியாமல் மோட்டார் முதல் மூடி வரை பளிச்சென்று இருந்தது. உப்பையும் காயத்தையும் கடைசியில் கொட்டாமல் பாதிப் பருப்புக்கு மேலே கொட்டி மீதியைப் போடச் சொன்னேன். பழுது தெரியாதபோது நாங்கள் சொல்லும் வைத்தியம் அது. கொட்டுகிற வரிசையை மாற்றச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மாமி விடவில்லை. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்ததும் விழுகிற முதல் பொடியில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். "நான் பாக்கறச்சே சரியா இருக்கு. அவா சாப்பிடறச்சே மட்டும் எப்படி மாறும்? மெஷின்லதான் ஏதோ."

மெஷினைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. நான் நிறுத்திய மெஷின், நான் பூட்டிய போல்ட். மாம்பலத்தில் இன்னொருவர் காத்திருந்தார் வேறு. "மெஷின்ல ஒண்ணுமே இல்ல மாமி. கொரோனா வந்து போனவங்களுக்கு ருசி கொஞ்சம் முன்னப் பின்ன ஆகறதுண்டு. உங்களுக்கும் அப்ப வாசனை போயிருந்ததே" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன். கொரோனாவில் நாலு மாதம் பால் கருகினால்கூடத் தெரியவில்லை என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். மாமி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். வாதத்தில் ஜெயித்த திருப்தியோடு வண்டியைக் கிளப்பினேன்.

கார்த்திகை மழையில் இரண்டாவது அழைப்பு. இந்த முறை தண்டு தொட்டியை விட்டு வெளியே வரும் இரண்டு ஓரங்களிலும் பொடி கசிகிறது, மோட்டார் சூடேறி நின்று நின்று போகிறது. கசிவைத் தடுக்கும் கயிற்றைப் புதிதாகச் சுற்றினேன். தொட்டியில் அளவுக்கு மேல் போடுவதால்தான் மோட்டார் திணறுகிறது என்று அந்தப் பெண்ணிடம் அறிவுரையும் சொன்னேன்.

"நா கோடு பாத்துக்கினுதான் போட்றேன் சார்" என்றார் அவர்.

"கோட்டுக்கு மேல கோபுரம் கட்டினா?"

"கோபுரம் கட்றதுக்கு நா இன்னா கொத்தனாரா? நீ வேணா வந்து அளந்துக்கோ."

அளந்து பார்த்தேன். கோடு சரியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் மழையைப் பற்றி ஏதோ பேசினேன். அப்போதுதான் கவனித்தேன், கதவைத் திறந்ததும் மாமி வரவில்லை. ஸ்பூனை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தது அந்தப் பெண்.

"இப்போல்லாம் மாமி பாக்கறதில்ல சார். என்னிய பாக்கச் சொல்லிச்சு. நா இன்னாத்தக் கண்டேன்? எங்க வூட்ல மீன் கொழம்பு. பருப்புப் பொடிக்கு உப்பு போறுமா போறாதான்னு எனக்கின்னா தெரியும்? காரமா கீது, நல்லா கீதுன்றேன்."

நான் சிரித்தேன். எதற்காக மாமி நிறுத்தினார் என்று அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். கோயில் ஒலிபெருக்கியும் கச்சேரிக்குப் போகும் ஆட்டோக்களுமாக அந்தப் பக்கமே பரபரப்பாக இருந்த காலை. மாமி போனில் ரொம்ப நிதானமாகப் பேசினார். சபா கேண்டீனுக்குக் கொடுத்த பொடியும் திரும்பி வந்துவிட்டதாம். "இந்த மெஷினை யாராவது வாங்கிப்பாளா? போட்டோ எடுத்துண்டு போங்கோ. நாக்கே போனப்புறம் நான் என்னத்தைப் பொடி பண்ணி விக்கறது? பொங்கலோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

நாக்கே போனப்புறம். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. வண்டியில் போகும்போது வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் டாக்டர் இல்லை. மூக்கு, நாக்கு பற்றி எனக்குத் தெரிந்தது ஜலதோஷம் மட்டும்.

மாமி ஷெட் பக்கம் வரவே இல்லை. உள்ளே குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. நானும் அந்தப் பெண்ணும் மட்டும் இருந்தோம். விற்பதற்குப் படம் எடுப்பதென்றால் கொஞ்சம் துடைத்து எடுக்க வேண்டும் என்று ஈரத்துணியால், மோட்டாரையும் தண்டையும் இணைக்கிற செயினின் மூடியிலிருந்த சந்தனத்தைத் துடைத்தேன். அடியில் நான் பெயிண்ட் அடித்த சிவப்பு அம்புக்குறி வந்தது. தண்டு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டுகிற குறி.

"அதையும் போட்டோ புடிக்காத சார், தப்பா கீது" என்றார் அவர்.

"எது தப்பு?"

"அந்தக் குறிதான். இப்போ அது மாரி சுத்தறதில்லியே. ஆயுத பூஜைக்கு மாமி திருப்பி உட்டுச்சே."

ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். அவர் நிதானமாக விளக்கினார். பூஜைக்கு முந்தின நாள் கழுவித் துடைக்க செயின் மூடியைக் கழற்றியிருந்தார்கள். சீரியல் பல்பு கட்ட எலெக்ட்ரீஷியன் வந்திருந்தார். துடைத்தது சரியாக ஓடுகிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோது மாமி வாசல் பக்கம் நின்றிருக்கிறார். செயின் சக்கரம் இடப்பக்கமாகச் சுற்றுவதை முதல் தடவையாகப் பார்த்தார். 'அய்யய்யோ, அப்பிரதட்சிணமான்னா சுத்தறது! இத்தனை நாளா இப்படியா சுத்திண்டிருக்கு?' என்று பதறிப்போய், பூஜைக்கு முன்னால் அதை நேராக்கச் சொன்னார். எலெக்ட்ரீஷியனுக்கு அது ஒரு வேலையா? மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் பூட்டினார். அதற்கப்புறம் இயந்திரம் பக்தியோடு வலம் வர ஆரம்பித்தது. மூடியைப் பூட்டி, அம்புக்குறியின் மேல் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமமும் இட்டார்கள்.

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ என்னியக் கேட்டியா சார்? மாமியத்தான் கேட்ட. எங்கிட்ட கோபுரம் கட்டாதன்ன, அவ்ளோதான்."

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. தண்டு திரும்பிச் சுற்றினால் பெரிய பட்டை பொடியை நடுவுக்குத் தள்ளாமல் இரண்டு ஓரத்துக்கும் தள்ளி அடைக்கும். ஓரத்தில் அடைந்த பொடிதான் தண்டு வழியாகக் கசிந்தது, அதை அமுக்கி அமுக்கித்தான் மோட்டார் திணறியது. உப்பும் காயமும் அந்தப் பெண் நின்று கொட்டுகிற இடது ஓரத்திலேயே பெரும்பாலும் தங்கிவிட்டன. நடுவில் கொஞ்சம்தான் ஒழுங்காகக் கலந்திருக்கும், கதவைத் திறந்தால் அதுதான் முதலில் விழும். மாமி ஸ்பூனில் எடுத்தது அதைத்தான். அவர் நாக்கு சரி, மெஸ்காரர் நாக்கும் சரி, தி. நகர்க்காரர் நாக்கும் சரி. தப்பு என்று சொன்னவன் மட்டும்தான் தப்பு.

நேற்றுப் போட்ட பொடி இன்னும் தொட்டியில் இருந்தது. மூடியைத் திறந்து இடது ஓரத்தில் ஒரு கை, வலது ஓரத்தில் ஒரு கை, நடுவில் ஒரு கை எடுத்து மூன்று தட்டில் போட்டேன். மாமியைக் கூப்பிட்டேன். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றார்.

"இதைக் கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க மாமி."

"எனக்குத் தெரியாது. விட்டுடுங்கோ. அவளைப் பாக்கச் சொல்லுங்கோ."

"அவங்க எல்லாத்தையும் நல்லா கீதும்பாங்க. நீங்க பாருங்க."

அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு போய் மாமியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "சும்மா துன்னு பாரு மாமி, அந்தாளு கெஞ்சுறாரு இல்ல."

மாமி முதல் தட்டிலிருந்து ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. "உப்பு ஜாஸ்தி. காயமும் தூக்கலா இருக்கு." இரண்டாவதைப் போட்டுக்கொண்டார். "இது என்ன, வெறும் பருப்பு. ஒண்ணுமே போடலையா?" மூன்றாவதை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"இது சரியா இருக்கு" என்றார். "ஆனா மிளகு பழசு."

"ஆமா மாமி! புதுசு வர்ல, போன வர்ஷத்து மூட்டதான் போட்டேன். சொல்ல மறந்துட்டேன்" என்று அந்தப் பெண் கத்தினார். பழைய மிளகு எனக்கு வாழ்நாளில் தெரியாது. அந்த மூன்று பொடியையும் நானும் வாயில் போட்டுப் பார்த்திருந்தேன், உப்பு வித்தியாசம் மட்டும்தான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். மாமிக்குக் கோபம்தான் வந்தது. "நீங்க கேட்டேள், என்ன மாத்தினேள்னு. நான் எங்கே மாத்தினேன்? அது அப்பிரதட்சிணமா சுத்திண்டிருந்தது, நேர் பண்ணச் சொன்னேன். மாத்தறது வேற, நேர் பண்றது வேற இல்லையா?"

வேறுதான். இருபது வருடமாக நான் கேட்டுவந்த கேள்வியில் அந்த ஓட்டை இருப்பது எனக்குத் தெரியாது. யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது, அவரவர் எதையோ நேர் பண்ணியிருக்கிறார்கள்.

"அப்போ தினம் அது அப்பிரதட்சிணமாத்தான் சுத்தியாகணுமா?" என்று மாமி கவலையோடு கேட்டார். இரண்டு ஒயரையும் பழையபடி மாற்றிப் பூட்டினேன். சுவரோரமாக இருந்த மறு பக்கத்தில் தண்டின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்து, மாமியை அந்தப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு முழ இடைவெளி. ஒட்டடையோடு ஒருக்களித்து உள்ளே போனார். சுவிட்சைப் போட்டேன்.

"எப்படிச் சுத்துது மாமி?"

"பிரதட்சிணம்தான்!" என்று குரல் வந்தது. பிறகு ஒரு சந்தேகம். "ஆனா அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா?"

"இந்தப் பக்கத்துலேர்ந்து பாக்காதீங்க."

கணக்கு டீச்சர், கொஞ்சம் யோசித்தார். ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது.

மாமி வெளியே வந்து தலையிலிருந்த ஒட்டடையை எடுத்துக்கொண்டிருந்தபோது, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அன்னிக்கு நான் உங்க ருசியைப் பத்திச் சொன்னது தப்பு மாமி. தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க." அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிலேர்ந்து" என்றார் மாமி, என்னைப் பார்க்காமல், "ஆத்துல ரசத்துக்குக்கூட இவரைக் கேட்டுண்டுதான் உப்புப் போடறேன். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல இவர் ஒரு நாள் வெந்நீர்கூடப் போட்டதில்லை. இப்போ கரண்டியும் கையுமா வந்து நின்னுண்டு, இன்னும் ஒரு சிட்டிகைன்னு சொல்றார். நானும் போட்டேன். எனக்கு அது கரிக்கறதுன்னு தோணும். தோணறது பொய்னு நெனச்சுண்டு சாப்பிடுவேன்."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஓர் இயந்திரத்தைக் காப்பாற்றப் போய், மாமியை அவர் வாயில் இருக்கும் ருசியையே நம்பாமல் இரண்டு மாதம் சாப்பிட வைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "குழம்பு கொதிச்சாச்சு. உப்புப் பாத்துச் சொல்லட்டுமா?"

மாமி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஒண்ணும் வேண்டாம். கரண்டியைக் கீழே வைங்கோ, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.